கள்ளிமுனைக்குச் செல்லாத ஓலை

கடல் தன் கரை கடவாதிருக்க. காற்று பருவம் தவறாதிருக்க. கலம் ஏறினோர் எல்லாம் கலம் இறங்கி வீடு சேர்க.

வெண்சங்குத் தீவின் தலைவியும், அலைகாவல் பெருங்குடியின் பன்னிரண்டாம் அரசியும், ஏழ்துறைக் கூட்டின் ஓலையகத்துக்குப் பத்தொன்பது ஆண்டாக இடமும் கூரையும் அளித்துவருபவளுமாகிய அலைவாய்த்தேவி, தன் மண்டபத்தில் அமர்ந்து எழுதுவித்த திருமுகம்.

இதைக் காண்போர் கூட்டின் ஆறு துறைச் சான்றோர். உங்கள் மன்னர்கள் நெடிது வாழ்க. உங்கள் வயல்களில் நீர் நிற்க. உங்கள் சபைகளில் விளக்கு அணையாதிருக்க. மரபுப்படி இவ்விடத்தில் ஆறு துறைகளின் பெயரையும் வரிசைப்படி எழுத வேண்டும். எழுதவில்லை. மறதியால் விட்டதன்று, அந்த வரிசையைப் பற்றியதே இவ்வோலை. கூட்டின் ஏழாம் துறையாகிய கள்ளிமுனைக்கு இது அனுப்பப்படவில்லை. அதன் காரணம் தன் இடத்தில் சொல்லப்படும். அதுவரை எவரும் எழுந்து நின்று வினவ வேண்டா.

பொருள், நம் ஓலைநாயகம் காரி குளவனார். உங்களில் எல்லோரும் அவர் கையெழுத்தை அறிவீர்கள். முகத்தை அறிந்தவர் சிலரே. இடக்கையால் எழுத்தாணி பிடிப்பவர். பேசத் தொடங்குமுன் ஒரு முறை தொண்டையைச் செருமுபவர். சபையில் எவர் குரல் உயர்ந்தாலும் தன் குரலை உயர்த்தாதவர். துடுப்பில் மனிதரைப் பூட்டும் வழக்கத்தை ஏழு நாட்டிலும் ஒழிப்பதென்று நீங்கள் கூடிய நாள் முதல் உங்களுக்கு வந்த ஓலை ஒவ்வொன்றும் அவர் கீறியது. ஆனால் அவர் உங்களிடம் வந்து சேர்ந்தது கொள்கையால் அன்று. அவருடைய தம்பி நீலனைப் பதினெட்டு வயதில் கள்ளிமுனைக் காவலர் கடைத்தெருவில் பிடித்துக்கொண்டுபோய் அரச கலத்தின் துடுப்பில் பூட்டினார்கள். அந்த ஒரு சங்கிலி கழல வேண்டும் என்பதே அவருக்கு வேண்டியிருந்தது. மற்ற பெரிய சொற்கள் எல்லாம் நமக்கும் உங்களுக்கும் வேண்டியிருந்தவை.

நீலனுக்கு எழுத்து தெரியாது. ஆகவே கள்ளிமுனைக்குச் செல்லும் ஓலையின் கடைமுனையில் அண்ணன் மஞ்சளில் தோய்த்த பெருவிரலைப் பதித்தனுப்புவார். அங்கே கலத்தருகே அமர்ந்து வலை பின்னும் ஒரு பெண் ஓலையைப் படித்துக் காட்டிவிட்டு, அந்தப் பதிவையும் காட்டுவாள். அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்று தம்பி அறிந்துகொள்வார். இது கூட்டின் நெறிக்குப் புறம்பு என்று ஆலந்துறையார் இரு முறை மறுப்போலை விடுத்தது நினைவிருக்கும். மஞ்சள் பதிவைப் பற்றிச் சபை மூன்று நாள் கூடிப் பேசியதும் நினைவிருக்கும்.

பத்தொன்பது ஆண்டில் நாம் சாதித்ததையும் சொல்லிவிடுவது முறை. மூன்று நாட்டில் சங்கிலி ஒரு முழம் நீண்டது. ஒரு நாட்டில் துடுப்பாளர் தலைக்குமேல் துணிப்பந்தல் வந்தது. சங்கிலி முதலில் கழல வேண்டும் என்பார் பொன்னிறைப்பட்டினத்தார்; தெருவில் பிடித்துவருவது முதலில் நிற்க வேண்டும் என்பார் ஆலந்துறையார்; இரண்டும் ஒன்றே என்று சொன்னவர்களோடு இரு திறத்தாரும் பேச்சை விட்டார்கள். இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. பெரிய காரியத்துக்குக் கூடினவர்கள் சண்டையிடுவது உலகத்து வழக்கம். ஆயினும் ஏழு துறையில் ஆறில் சபையேறினோர் வணிகரும் புலவரும் ஊர்ப்பெரியோருமாக இருக்க, கள்ளிமுனை ஒன்றில்தான் துடுப்பாளரே உறுப்பினர். பூட்டப்பட்டவர்கள் எழுந்து வந்து சபையில் பேச முடியாது. எனவே அவர்கள் எதையும் மறுத்ததில்லை. வந்த ஓலையை வந்தபடி நம்பினார்கள்.

சுற்றோலையின் மரபை உங்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. எனினும் நாம் பூட்டிவைக்கும் படியைப் பின்னால் படிக்கப்போகிறவர்களுக்காகச் சொல்கிறோம். ஓலையகத்தில் எழுதிய ஒரே ஓலை, துறைகள் கூட்டில் சேர்ந்த வரிசையிலே சுற்றிவரும். ஒவ்வொரு துறையும் சபை கூட்டி, நின்று படித்து, முத்திரையிட்டு அடுத்த துறைக்கு விடும். முன் துறை இடாமல் பின் துறைக்குச் செல்லாது. கள்ளிமுனை கடைசியில் சேர்ந்தது. ஆகவே எந்தச் செய்தியும் அவர்களுக்குக் கடைசியிலேதான் போகும்.

சென்ற கார்த்திகையில் ஒரு சுற்றோலை தடையின்றி ஏழு முத்திரையோடு திரும்பி வந்தது. தைப் பௌர்ணமியன்று ஏழு துறையிலும் துடுப்பாளர் எல்லோரும் ஒரு பகல் முழுதும் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அசையாதிருப்பது என்பது அதன் பொருள். ஒரு துறையில் செய்தால் கொல்வார்கள். ஏழு துறையில் ஒரே நாளில் செய்தால் எந்த மன்னனும் யாரைக் கொல்வதென்று அறியான். இந்தக் கணக்கு நீலன் சொல்லியனுப்பியது. அது திரும்பி வந்த அன்று குளவனார் ஓலையகத்தில் எல்லோருக்கும் பனைவெல்லம் கொடுத்தார்.

மார்கழியில் பொன்னிறைப்பட்டினத்தார் ஒத்திவைக்க வேண்டினார்கள். அதே பௌர்ணமியில் அவர்கள் இளவரசியின் மணக்கலம் புறப்படுவதாக முடிவாகிவிட்டது. அன்று துடுப்பு நின்றால் மன்னன் அதை மகளுக்குச் செய்த இழிவாகக் கொண்டு ஒருவரையும் விடமாட்டான். காரணம் சரியே. பங்குனிப் பௌர்ணமிக்கு ஒத்திவைக்கலாம் என்று ஓலை எழுதப்பட்டது. இதில் வியப்பு என்னவென்றால், இதை எவரும் மறுக்கவில்லை. ஆலந்துறையார் மட்டும், ஒத்திவைப்பைப் பத்து நாள் முன்பே தாங்களே முதலில் நினைத்ததாகவும், ஆதலால் ஓலையின் தலைப்பில் தங்கள் பெயரே முன்னிற்க வேண்டுமென்றும் கூறினார்கள். பொன்னிறையார் விட்டுக்கொடுக்கவில்லை. ஓலை ஆலந்துறைச் சபையில், பறந்துபோகாதபடி ஒரு சங்கை மேலே வைத்து, பதினொரு நாள் கிடந்தது.

பதினொரு நாளும் குளவனார் காலையில் துறைக்குப் போய், ஓலைப் படகின் பாய் தெரிகிறதா என்று கடலைப் பார்த்தார். ஐந்தாம் நாள் நம்மிடம் வந்தார். ஓலையகத்துப் படகு கட்டிக்கிடக்கிறதென்றும், கள்ளிமுனைக்கு இரண்டு நாள் வழிதான் என்றும், முத்திரையில்லாத ஒரு சிறு ஓலை விடுக்கத் தமக்கு அனுமதி வேண்டுமென்றும் விண்ணப்பித்தார். தம்பியின் பெயரை அவர் சொல்லவில்லை. நாம், மரபை ஒரு முறை மீறினால் அதைச் சாக்காக்கி இரு துறையும் கூட்டை விட்டுப் போய்விடும், பொறுத்திருக்க என்றோம். அவர் தொண்டையைச் செருமினார். வணங்கிப் போனார். பொறுத்திருந்தார். இதை ஆறு துறைச் சபையிலும் உரக்கப் படிக்க வேண்டும் என்பது நம் விருப்பம்.

பன்னிரண்டாம் நாள் இரு பெயரையும் ஒரே வரியில் பக்கம் பக்கமாக எழுதுவதென்று உடன்பாடாயிற்று. அந்த மகிழ்ச்சியில் ஆலந்துறையார் விருந்து வைத்ததாகவும் கேள்வி. ஓலை விரைந்து சுற்றிக் கள்ளிமுனை போய்ச் சேர்ந்தது, தைப் பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள்.

அந்தப் பௌர்ணமியன்று கள்ளிமுனைத் துறைமுகத்தின் நடுவில் அரச கலம் நின்றது. நீலனும் அவரோடு முப்பத்தாறு பேரும் காலையில் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்தார்கள். அடித்தார்கள், அசையவில்லை. நண்பகலில் நீர் தராமல் பார்த்தார்கள், அசையவில்லை. வலை பின்னும் அந்தப் பெண் கரையிலிருந்து எல்லாம் கண்டாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து, பொழுதெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்களாம். அதை மாற்றி எழுத நமக்குக் கை வரவில்லை, அவர்கள் சொன்னபடியே எழுதச் சொன்னோம்: “பொறுங்கடா, இந்நேரம் ஏழு தொறையிலயும் இப்படித்தான் ஒக்காந்திருப்பாங்க.” பிற்பகலில் எல்லோரையும் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள்.

மூன்றாம் நாள் வந்த ஒத்திவைப்போலை, இரு பெயரும் ஒரே வரியில் அழகாக நிற்க, கடைமுனையில் மஞ்சள் விரற்பதிவோடு, கள்ளிமுனைக் கோன் அதிரவேள் கையில் சிக்கியது. அவன் நாட்டுச் சட்டம், பிறர் ஏவித் துடுப்பை விட்டவனை விடுத்து ஏவியவனைத் தண்டிக்கும். தானாக விட்டவனைப் பாறையிலிருந்து கடலில் தள்ளும். அவன் நமக்கு எழுதினான்: உங்கள் கூட்டே அந்நாள் வேண்டா என்று எழுதியிருக்க, இவர்கள் தாமாகச் செய்தது தெளிவு, அவ்வாறன்றி உங்கள் ஏவலால் செய்தார்கள் என்றால், ஆறு துறையும் முத்திரையிட்ட ஒரே ஓலை நாற்பது நாளுக்குள் வர வேண்டும், வந்தால் இவர்களை விடுத்து, உங்கள் கலங்களுக்கு ஓராண்டு என் துறைமுகத்தை மூடுவேன், அதற்கு மேல் ஒன்றுமில்லை. பகைவன் எழுதியதில் இதைவிட நேரான ஓலையை நாம் கண்டதில்லை.

கோன் கேட்ட ஓலையை நாம் சொல்ல எழுதி, குளவனார் தாமே எடுத்துக்கொண்டு புறப்பட்டார். படகோட்டி சடையன் ஒருவனே துணை. முதல் மூன்று துறையார் அன்றன்றே முத்திரையிட்டார்கள், கண்ணீர் விட்டார்கள், இலை போட்டு உபசரித்தார்கள். அவர் உண்டார் என்றும், என்ன உண்டார் என்று கேட்டால் அவருக்கே தெரிந்திராது என்றும் சடையன் சொல்கிறான்.

ஆலந்துறையார் நான்கு நாள் கூடினார்கள். நாங்கள் ஏவினோம் என்று எழுதுவது மெய்யன்று, ஏவிப் பின் ஒத்திவைத்தோம் என்பதே மெய் என்றார்கள். அந்த மெய் முப்பத்தேழு பேரைப் பாறையிலிருந்து தள்ளும் என்று குளவனார் எடுத்துரைத்தார். அதற்கு அவர்கள், ஏவினோம் என்பதற்குப் பதிலாக வருந்துகிறோம் என்று எழுதலாம் என்று தீர்மானித்து, வருத்தத்தின் அளவைப் பற்றி இன்னும் இரண்டு நாள் பேசினார்கள். பொன்னிறைப்பட்டினத்தார் முத்திரையிட ஒப்பினார்கள். ஆனால் ஓலை தாமதித்தது யாரால் என்று ஆராய அறுவர் குழு அமைத்து, அதன் முடிவு வந்தபின் இடுவதாகச் சொன்னார்கள். ஆறாம் துறையார் பொன்னிறையார் இட்டால் இடுவதாகச் சொன்னார்கள். உங்களில் எவரும் கொடியவர் அல்லர். எல்லோரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசினீர்கள்.

முப்பத்தாறாம் நாள், மூன்று முத்திரையும் மூன்று வெற்றிடமுமாக இருந்த ஓலையை அவர் சுருட்டிச் சடையனிடம் கொடுத்து, படகைக் கள்ளிமுனைக்கு விடச் சொன்னார். வழியில் மடியில் வைத்து வேறோர் ஓலை எழுதினார். எழுதி முடிக்கக் கால் நாழிகைகூட ஆகவில்லையாம். பத்தொன்பது ஆண்டில் அவர் யாரையும் கேளாமல் எழுதிய ஓலை அது ஒன்றே.

முப்பத்தொன்பதாம் நாள் அதிரவேளின் அவையில் அது படிக்கப்பட்டது. ஒத்திவைப்பைத் தாம் முன்னரே அறிந்திருந்ததாகவும், கள்ளிமுனையார் குறித்த நாளில் துடுப்பை விட வேண்டும் என்பதற்காகவே அதை அவர்களுக்குச் சொல்லாமல் மறைத்ததாகவும், துறையார் எவருக்கும் இதில் பங்கில்லை, ஏவல் தம் ஒருவருடையதே என்றும் அதில் எழுதியிருந்தது. ஏன் அவ்வாறு செய்தாய் என்று கோன் வினவ, கூட்டார் பேசிக்கொண்டே இருந்தமையால் பொறுமை இழந்ததாக அவர் விடை கூறினார். அதிரவேள் அதை உடனே நம்பினான். அந்தக் கூட்டில் ஒருவனாவது தானாக ஒன்றைச் செய்தான் என்று அவன் சிரித்துக்கொண்டே சொன்னதாகச் சடையன் கூறுகிறான்.

அறிந்திருந்தது மெய். சொல்லாதது மெய். எதற்காகச் சொல்லவில்லை என்பது ஒன்றே பொய். அந்தப் பொய்யின் இடத்தில் இருக்க வேண்டியது ஓலைமேல் வைத்த உங்கள் சங்கும், பொறுத்திருக்க என்ற நம் வாய்ச்சொல்லும்.

கோட்டை வாயிலில் முப்பத்தேழு பேரை வெளியே விட்டபோதே அவரை உள்ளே கொண்டுபோனார்கள். வழி குறுகலானது, எதிரெதிரே நிறுத்தினார்கள். பறையறைந்து அவர் ஓலையை எல்லோரும் கேட்கப் படித்தார்கள். நீலன் பத்தொன்பது ஆண்டுக்குப் பின் அண்ணனை அப்போதுதான் கண்டார். நடந்ததை அருகே நின்ற சடையன் நம்முன் சொன்னான். சொல் பிசகாமல் பதிவு செய்தோம்.

“தெரிஞ்சும் சொல்லலியா அண்ணே?” என்று நீலன் கேட்டார்.

“தெரியும். சொல்லலே” என்றார் குளவனார்.

“ஏழு தொறையும் சேந்து செய்யுதுன்னுதானே அண்ணே ஒக்காந்தோம்.”

காவலர் இருவர் பக்கத்தில் நின்றார்கள். நீலன் மற்றவர்களோடு நடந்து போனார். பின்னால் வந்த ஒருவர் குளவனார் காலடியில் துப்பிவிட்டுப் போனார். மறுநாள் கள்ளிமுனைத் துறையார் கூட்டை விட்டு விலகினார்கள். கூட்டின் பெயர் எழுதிய பலகையை அடுப்பில் வைத்தார்கள்.

சடையன் இதைச் சொல்லி முடித்தபோது நமக்கு அழுகை வரவில்லை. வரும் என்று சிறிது நேரம் காத்திருந்தோம். பிறகு வழக்கம்போல் அவை நடத்தினோம். உச்சிப்பொழுதில் உணவு உண்டோம். பூந்தோட்டக் கிணற்றைத் தூர்வாருவது பற்றி ஆணையிட்டோம். ஐந்து நாளாக அப்படியே இருக்கிறது.

குளவனார் நம்மிடம் ஒன்றே வேண்டியனுப்பினார். நடந்தது நடந்தபடி கள்ளிமுனைக்குத் தெரியக் கூடாது; தெரிந்தால் கோன் காதுக்குப் போகும், விட்டவர்களை மீண்டும் பிடிப்பான். நீலன் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும், உயிரோடு இருந்து நினைக்கட்டும் என்றாராம். இவ்வோலை அங்கே செல்லாத காரணம் இதுவே. நீங்களும் சபைக்கதவை அடைத்துப் படித்து, படித்ததும் எரிக்க வேண்டும்.

இதற்கிடையே இரண்டு ஓலைகள் நம்மை வந்தடைந்தன. ஒன்றில் பொன்னிறைப்பட்டினத்தார் குளவனார்க்கு நடுகல் எடுப்பதாகத் தெரிவிக்கிறார்கள். மற்றதில் ஆலந்துறையார் அந்த எண்ணம் தங்களுடையதே என்கிறார்கள். இரண்டையும் திருப்பியனுப்புகிறோம். அவர் இறக்கவில்லை. தம்பி பத்தொன்பது ஆண்டு இருந்த அதே கலத்தில், இடப்புறம் மூன்றாம் பலகையில், அதே துடுப்பில் ஆயுள் முழுமைக்கும் பூட்டப்பட்டிருக்கிறார். இடக்கையர் ஆனதால் அந்தப் பக்கம் அவருக்கு வாகாக இருக்கும் என்று காவலர் சொன்னார்களாம்.

இனி ஆணை.

இன்றுமுதல் ஓலையகத்துச் செய்தி துறைக்கு ஒரு படியாக எழுதப்பட்டு, துறைக்கு ஒரு படகில், ஒரே நேரத்தில் செல்லும். தலைப்பில் எந்தத் துறையின் பெயரும் இராது. இதை ஒப்பாதவர்கள் வேறு தீவில் வேறு கூரை தேடிக்கொள்ளலாம். மூன்று வெற்றிடம் கொண்ட அந்த ஓலை நம்மிடமே இருக்கிறது. அதை யாருக்கும் காட்டமாட்டோம், தரவும் மாட்டோம்.

பங்குனிப் பௌர்ணமிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. ஒத்திவைப்போலையில் நீங்கள் அனைவரும் மறுப்பின்றி முத்திரையிட்ட நாள் அது. அன்று கள்ளிமுனை அரச கலம் திறைப்பொருள் ஏற்றிக்கொண்டு பொன்னிறைப்பட்டினத்துத் துறைமுகத்தில் நிற்கும். பயண நாளைச் சடையன் அறிந்து வந்திருக்கிறான். அந்தக் கலத்தில் இருப்பவருக்கு நாம் எந்தச் செய்தியும் அனுப்ப வழியில்லை. இந்த ஓலை எழுதப்பட்டதையும் அவர் அறியார். ஆனால் நாள் அவருக்குத் தெரியும். அந்த ஓலையை எழுதியது அவர் கை. அன்று காலை அவர் துடுப்பைத் தூக்கி மடியில் வைப்பார். வைத்துவிட்டுத் தலையை உயர்த்தி உங்கள் கலங்களைப் பார்ப்பார்.

அவர் பார்க்கும்போது ஆறு துறையிலும் துடுப்புகள் மடியில் கிடக்க வேண்டும். இதற்கு மறுப்போலை கட்ட வேண்டா.

கூட்டின் பொதுமுத்திரை குளவனார் பிடிபட்டபோது கள்ளிமுனைக் கோட்டையில் சிக்கிவிட்டதால், நம் விரலிலிருந்த சங்குமோதிரத்தால் அரக்கில் பதித்தோம். ஆறு படியும் இன்று முற்பகல் ஒரே மணியோசையில் ஆறு படகில் புறப்படுகின்றன. எந்தத் துறைக்கு முதலில் அனுப்பப்பட்டது என்று கேட்பவர்கள் காற்றைக் கேட்டுக்கொள்க.

அலைவாய்த்தேவி எழுத்து. கடல் சான்று.